ஆறு எண்ணெய்க் குழல்கள்

ஜூலை 1, திங்கள்

காய்ச்சல் விட்டு இன்றுதான் வேலைக்குப் போனேன். உடம்பு தேறிவிட்டது. மூக்கு தேறவில்லை. காலையில் காப்பி வெந்நீராக இறங்கியது. சாமி படத்துக்குச் சூடம் காட்டினேன். சுடர் தெரிந்தது, சூடம் தெரியவில்லை. ஜலதோஷம் என்றால் மூக்கு அடைத்திருக்கும். இது திறந்துதான் கிடக்கிறது. காற்று போகிறது, வருகிறது, கூட ஒன்றும் வருவதில்லை.

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் பரவாயில்லை. எனக்கு மூக்குதான் உத்தியோகம். எங்கள் சித்த மருந்துக் கம்பெனிக்கு வரும் சரக்கில் ஒரு கை அள்ளி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக் கசக்கி, முகர்ந்து, நான் தலையை ஆட்டினால்தான் மூட்டை உள்ளே போகும். சோம்பு பழசா, சீரகத்தில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறதா, எண்ணெயை வடித்துவிட்டு ஏலக்காய்ச் சக்கையை நம் தலையில் கட்டுகிறானா, எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் சொல்லிவிடுவேன். தென்காசி நாட்டு மருந்துக் கடைகளில் 'மங்கை மூக்கு' என்று ஒரு பேச்சே உண்டு. முதலாளி ஆவுடையப்பன் புது ஆள் வந்தால் என்னை அறிமுகப்படுத்த மாட்டார், என் மூக்கைத்தான் அறிமுகப்படுத்துவார்.

இன்று ஓமம் வந்திருந்தது. வடக்கேயிருந்து வந்த புது மூட்டைகள். கசக்கினேன், முகர்ந்தேன். உள்ளங்கை உள்ளங்கையாகவே இருந்தது. நாலு மணியை வாயில் போட்டுக் கடித்தேன். நாக்கில் சுரீரென்று ஏறியது. ஓமம்தான், சந்தேகமில்லை. முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னம்மா, எப்படி இருக்கு?"

"நல்ல நெடி" என்று தலையை ஆட்டினேன். மூட்டைகள் உள்ளே போயின.

மாதிரிக்கு எடுத்ததில் மிஞ்சியதை வழக்கம்போல வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சோதித்த கைக்கே மிச்சம் என்பது எங்கள் கம்பெனி வழக்கம். என் சமையலறையில் காசு கொடுத்து வாங்கிய சீரகம் கிடையாது.

மூக்கு விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. இவரிடம்கூட. இரண்டு நாளில் வந்துவிடும்.

ஜூலை 2, செவ்வாய்

என் தங்கை காந்திமதி பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறாள். அம்மா போன பிறகு அவளுக்கு நான்தானே தாய்வீடு. பாப்பா பிறந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. பொழுது சாய்ந்தால் போதும், காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடுகிறாள். உப்புசம்.

ஓமத்தை வறுத்து, தட்டி, கொதிக்கவிட்டு வடிகட்டினேன். காந்திக்கு ஒரு டம்ளர். பாப்பாவுக்குப் பாலாடையில் கொஞ்சம்.

"தாய்ப்பாலத் தவிர ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்கள்லா அக்கா" என்றாள் காந்தி.

"அவங்க பிள்ளை பெத்திருக்காங்களா? புஸ்தகத்தப் பாத்துச் சொல்லுதது எல்லாம் ஒரு சொல்லாட்டி?"

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. காந்தி குனிந்து பாப்பாவின் சட்டை நாடாவைக் கட்ட ஆரம்பித்தாள். ஏற்கெனவே கட்டியிருந்த நாடாதான். எனக்கும் இவருக்கும் கல்யாணம் ஆகிப் பதினாறு வருஷம் ஆகிறது. அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றும் இல்லை.

பாப்பா முகத்தைச் சுளித்துவிட்டுச் சப்புக்கொட்டிக் குடித்தாள். மிச்சத்தை நான் குடித்துப் பார்த்தேன். நாக்கில் லேசாக ஒரு காரம், மற்றபடி வெந்நீர் மாதிரி இருந்ததால் கொட்டிவிட்டேன்.

ஜூலை 4, வியாழன்

பாப்பா அழவில்லை. விடிய விடியத் தூக்கம். என் ஓமத் தண்ணீரை யாரும் குறை சொல்ல முடியாது.

ஜூலை 5, வெள்ளி

இன்று சோம்பு வந்தது. ஓமத்துக்காவது நாக்கில் காரம் உண்டு. சோம்பு நல்லதா சக்கையா என்று நாக்கை வைத்து மட்டும் எப்படிச் சொல்வது? "மழைச் சாரல்ல ஈரம் ஏறியிருக்கு முதலாளி, ஒரு நாள் காயட்டும், பெறவு சொல்லுதேன்" என்று தப்பித்தேன்.

சோதனை அறை மூலையில் ஒரு மைக்ராஸ்கோப் உண்டு. ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்டால் காட்டுவதற்காக முதலாளி எப்போதோ வாங்கியது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் நடக்கும். மறுநாள் துணியைப் போட்டு மூடிவிடுவோம். இன்று துணியை எடுத்தபோது போன வருஷத்துப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. நான் பாளையங்கோட்டையில் தாவரவியல் படித்தவள் என்பது எனக்கே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சோம்பை ஊறவைத்தேன். ஒரு கேரட் துண்டைப் பிளந்து, நடுவில் ஒரு சோம்பை நிறுத்தி வைத்து, புது பிளேடால் சீவினேன். முதல் சீவல் கட்டை. அடுத்தது கேரட்டோடு போயிற்று. அதற்கடுத்தது என் விரல். சீவிச் சீவி, கடைசியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் தண்ணீரில் ஒரு துணுக்கு மிதந்தது. தூரிகையால் தொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்து, கீழே உள்ள ஆடியை ஜன்னல் பக்கம் திருப்பினேன்.

ஐயோ, அதை எப்படி எழுதுவேன்.

அஞ்சு மேடு. மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே பள்ளத்துக்கு ஒன்றாக நாலு குழல், தவிட்டு நிறத்தில், ஓரம் மினுங்க. தட்டையான உள்பக்கத்தில் இன்னும் இரண்டு. மொத்தம் ஆறு. சோம்பின் எண்ணெய் முழுவதும் அந்த ஆறு குழலுக்குள்தான் அடைபட்டுக் கிடக்கிறது. இந்தச் சோம்பில் ஆறும் நிறைந்திருந்தன. எண்ணெய் வடித்த சக்கையென்றால் அவை சூம்பிப் போயிருக்கும்.

சாப்பாட்டு மணி அடித்ததுகூட எனக்குக் கேட்கவில்லை. எனக்கு வராமல் போன மணத்தை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் கசக்கிக் கசக்கி உடைத்தேனே, என்ன உடைகிறது என்று ஒரு நாளாவது பார்த்தேனா?

சாயங்காலம் முதலாளியிடம் போய்ச் சோம்புக்குத் தலையை ஆட்டினேன். இது மனசறிந்து ஆட்டியது.

ஜூலை 7, ஞாயிறு

கடையநல்லூரிலிருந்து காந்தியின் மாமியார் வந்திருந்தார். பாப்பா என் மடியில் இருந்தாள். வந்ததும் வராததுமாக "கொண்டா, கொண்டா" என்று வாங்கிக்கொண்டார். கல்யாண வீட்டில் குங்குமச் சிமிழ் என் கைக்கு வராமல் சுற்றிக்கொண்டு போகுமே, அதே நயம். எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது.

பாப்பாவின் உச்சந்தலையை முகர்ந்துவிட்டு, "ஆகா, பிள்ள வாசம் போல ஒரு வாசம் உண்டா? மோந்து பாரு மங்கை" என்று என்னவோ வரம் கொடுப்பதுபோல நீட்டினார்.

குனிந்தேன். உதட்டில் சூடு தெரிந்தது. பிஞ்சு மயிர் குறுகுறுத்தது. அவ்வளவுதான்.

"ஆமா அத்தை" என்றேன்.

ஓமத்துக்குச் சொன்ன பொய் சின்னப் பொய். இதுதான் பெரிய பொய்.

"கண்ணப் பாரேன், கறுப்பே நெறஞ்சு நாவப்பழமாட்டுல்லா இருக்கு. கன்னமும் செவந்திருக்கு. அழவே மாட்டேங்காளே, என்ன மாயம் பண்ணினீங்க?" என்றார்.

"எல்லாம் அக்கா போடுத ஓமத் தண்ணிதான் அத்தை" என்றாள் காந்தி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் தொட்டதும் விளங்குகிறதல்லவா.

காந்திக்குத்தான் உடம்பு சரியில்லை. வாய் உலர்கிறது என்று செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறாள். வாரப் பத்திரிகையைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு, "எழுத்தெல்லாம் மங்கலாத் தெரியுதுக்கா" என்றாள். பச்சை உடம்புக்காரிக்கு என்ன படிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று பத்திரிகையைப் பிடுங்கி வைத்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

கம்பெனியில் கிடைத்ததையெல்லாம் அறுத்துக்கொண்டிருக்கிறேன். பைத்தியம் பிடித்துவிட்டது.

சீரகத்துக்கு மேலெல்லாம் ரோமம், கம்பளிப் பூச்சியைப் போல. சதகுப்பைக்கு இரண்டு பக்கமும் இறக்கை. கொத்தமல்லி தனி ஜாதி, வெளிப்பக்கம் ஒரு குழலும் கிடையாது, உள்பக்கம் மட்டும் இரண்டு, நடுவில் வெற்றிடம். ஆனால் சோம்பு, சீரகம், சதகுப்பை மூன்றுக்கும் அதே கணக்கு. முதுகில் நாலு, வயிற்றில் இரண்டு. ஒன்று எந்த நாட்டில் முளைத்ததோ, இன்னொன்று எந்தக் காட்டில் முளைத்ததோ. எண்ணி வைத்தது யார்?

இதையெல்லாம் விதை என்று நினைத்துத்தான் இத்தனை காலம் ரசத்தில் போட்டேன். காலேஜில் படித்ததை மறந்துபோனேன். விதை இல்லை, முழுப் பழம். ஒரு சீரகத்துக்குள் இரண்டு பாதி, உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்த மாதிரி. ஒரு கரண்டி சீரகத்தைத் தாளித்தால் ஒரு தோப்புப் பழத்தைத் தாளித்தது போல. இன்று ரசத்துக்குச் சீரகம் எடுக்கவே எனக்குக் கை கூசியது. பிறகு எடுத்தேன், பசிக்கிறதே.

முதலாளி பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"ஏம்மா, பூஜை சாமான எடுத்து என்ன பண்ணுத?"

"சும்மா, துடைச்சு வைப்போம்னு."

"துடைக்கதுக்கு ஏன் கண்ண உள்ள விட்டுக்கிட்டு நிக்க? தள்ளு, நானும் பாக்கேன்." ரொம்ப நேரம் பார்த்தார். "கறுப்பா முள்ளு முள்ளா என்னமோ தெரியுது. பயங்கரமா இருக்கு."

அது அவருடைய இமை மயிர் என்று சொல்லப் போனேன். முதலாளியாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

பாப்பாவின் துணி அலசும் வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் கொடி கொள்ளாது, இன்று பாதிக் கொடி காலி. சாரல் நேரத்தில் துணி காயாமல் கிடக்கும், இது ஒரு வகைக்கு நல்லதுதான். உடம்பு லேசாகச் சுடுகிறது. இரண்டு சட்டை போட்டிருந்தேன், ஒன்றைக் கழற்றினேன். வயிறு இன்னும் உப்பலாகத்தான் இருக்கிறது. ஓமத் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன்.

வெண்ணெய் உருக்கினேன். கரிந்துபோயிற்று.

ஜூலை 13, சனி

இவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். பேச்சும் அப்படித்தான், நேரத்துக்கு ஒரு வண்டி. இன்று பின்வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நெய் கரிஞ்சு அடுத்த வீட்டுக்காரி ஓடி வாரா. நீ அடுப்புக்கு முன்னாடியே நிக்க."

நான் வெங்காயச் சருகை ஒதுக்கினேன்.

"எப்பலேருந்து?"

"காய்ச்சல்லேருந்து."

"கம்பெனியில சொன்னியா?"

"சொன்னா நாளைக்கே வேற மூக்கத் தேடுவாங்க. நான் அங்கன என்ன செய்ய?"

ஒரு வெங்காயத்தை எடுத்து அவரும் உரித்தார். அதைத் தட்டில் போட்டுவிட்டு, "பாப்பா வாசமும் தெரியலியா?" என்று கேட்டார்.

அடுப்பில் உலை கொதிக்கிறது என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜூலை 16, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. இன்று ஆஸ்பத்திரிக்கு வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

நேற்றுக் காலை கம்பெனியில், இன்னும் அறுக்காமல் விட்டிருந்த ஓமத்தை அறுத்துப் பார்க்க உட்கார்ந்தேன். சின்ன மணி, கேரட்டில் நிற்காது என்று கடைசிக்கு விட்டிருந்தேன். அந்த மூட்டைகள் இன்றைக்கு அரைப்புக்குப் போவதாக இருந்தன, குழந்தைகள் வயிற்றுவலிப் பொடிக்கு. எனக்கு அதில் சந்தேகம் ஒன்றும் இல்லை. ஆசைக்குத்தான் உட்கார்ந்தேன்.

முதல் சீவலிலேயே தெரிந்தது. மேலெல்லாம் பொடிப்பொடியாக மொட்டுக்கள், உள்ளே முதுகில் நாலு, வயிற்றில் இரண்டு. என் ஆறு. ஊர் திரும்பினவளைப் போல எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் குழல் இல்லை. பிளேடு சறுக்கிவிட்டது என்று நினைத்தேன். இன்னொன்றை அறுத்தேன், ஆறு. அதற்கடுத்ததை அறுத்தேன், ஒன்றுகூட இல்லை. உள்ளே கொக்கிபோல வளைந்த ஒரு முளை மட்டும்.

ஒரு சிட்டிகை ஓமத்தை வெள்ளைத் தாளில் பரப்பி, ஊசியால் ஒவ்வொன்றாகத் தள்ளி, முழு மணியாகவே வைத்துப் பார்த்தேன். ஓமத்துக்கு நீளவாட்டில் மேடு இருக்கும். நடுநடுவே கிடந்த இந்தப் பொடி மணிகளுக்கு மேடே இல்லை. மொச்சை மாதிரி வளைந்து, மேலெல்லாம் குழி குழியாக, நுணுக்கி நுணுக்கிச் செதுக்கியது போல. அவ்வளவு அழகு. அந்த அழகைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் அது பூட்டின அலமாரியில் இருக்கிறது. குரோசாணி ஓமம். பேர்தான் ஓமம், பழமும் இல்லை, ஓமத்துக்கு உறவும் இல்லை. ஊமத்தைக் கூட்டத்து விதை. சுத்தி செய்து, துளி அளவில், தூக்கமே இல்லாத நோயாளிக்குக் கொடுப்பது. வடக்கே ஏதோ சரக்குக் கிட்டங்கியில் ஓம மூட்டையும் இதன் மூட்டையும் கிழிந்து, தரையில் கொட்டியதைச் சேர்த்துப் பெருக்கி அள்ளியிருக்கிறார்கள்.

முதலாளியைக் கூப்பிட்டேன். ஒரு கை அள்ளிக் கசக்கி முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அடேயப்பா, முதல் தரம். இதுல என்னம்மா குறை?"

"மோந்தாத் தெரியாது முதலாளி. ஓம நெடி எல்லாத்தையும் மூடிரும்."

"உனக்குத் தெரிஞ்சிருக்குல்லா?"

"எனக்கு மூக்கே கிடையாது. காய்ச்சலோட போச்சு. அன்னைக்கு உங்க முன்னால தலையாட்டினது சும்மா. கண்ணாலதான் பாத்தேன், நீங்களும் பாருங்க."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். இந்தத் தடவை இமை மயிர் தெரியவில்லை போலிருக்கிறது. மெதுவாக நிமிர்ந்தார். "தேன்கூடு கணக்கால்லா இருக்கு" என்றார். அரைப்பு ஆட்களைக் கூப்பிட்டு, மூட்டைகளைத் தனியறையில் போட்டுப் பூட்டச் சொன்னார்.

அரைப்புக்கு முன்னால் பிடித்துவிட்டோம், ஒரு பொட்டலம்கூட வெளியே போகவில்லை என்று எனக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சை முழுசாக விடக்கூட இல்லை.

மிச்சம். சோதித்த கைக்கே மிச்சம்.

நாவற்பழக் கண், சிவந்த கன்னம், பாதிக் கொடி துணி, காந்தியின் உலர்ந்த வாய், மங்கிப்போன எழுத்து. இத்தனையும் எனக்குத் தெரியும். குரோசாணி ஓமம் என்ன செய்யும் என்று கேட்டால் தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன். என் வீட்டில் என் கண்முன்னே நடந்ததை ராசி என்று நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தேனே, நான் என்ன பெண்.

தாளில் இருந்த மணிகளை மடித்து எடுத்துக்கொண்டு ஓடினேன். முதலாளியே வண்டியில் கொண்டுவந்து விட்டார். வீட்டில் காந்தி பாப்பாவுக்குப் பாலாடையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். தட்டிவிட்டேன். பாலாடை சுவரில் போய் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பாப்பாவின் கண்ணில் டார்ச் அடித்தார். கருமணி அசையவே இல்லை. அணைத்து மறுபடி அடித்தார். அசையவில்லை. வெளிச்சம் ஒரு கிணற்றில் விழுவது போல விழுந்தது.

"என்ன குடுத்தீங்க?"

மாமியாரும் அதற்குள் கடையநல்லூரிலிருந்து வந்துவிட்டார். காந்தியின் மாப்பிள்ளையும் இவரும் நின்றார்கள். ஓமத் தண்ணீர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். என் நாக்குக்கு அது தெரிந்துதான் இருந்தது. ஆனால் பாப்பாவின் வாய் காய்ந்து வெடித்திருந்தது.

"நான்தான் குடுத்தேன்" என்று பொட்டலத்தைப் பிரித்து மேஜையில் வைத்தேன். "இது கலந்திருக்கு. இவளுக்கும் குடுத்தேன், பால் வழியாவும் போயிருக்கும். எனக்கு மூக்கு போயிட்டு. அத மறைச்சு மூட்டையப் பாஸ் பண்ணினேன்."

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "என்ன விஷம்னு தெரியாம வந்திருந்தா காய்ச்சலுக்குப் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டார். குழாய் வைத்துச் சிறுநீர் எடுத்தார்கள். உப்புசம் என்று நான் நினைத்த வயிறு அப்படியே வடிந்தது.

மாமியார் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "நான் அப்பமே நெனச்சேன்."

காந்தி நான் இருந்த பக்கத்துத் தோளிலிருந்து பாப்பாவை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டாள்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. வாசலில் கோலம் போடவில்லை.

வார்டுக்குள் நான் போகவில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். புட்டிப் பால்தான் கொடுக்கிறார்களாம், காந்தியின் பாலை இன்னும் கொடுக்கக் கூடாதாம். சூடு இறங்கியிருக்கிறது, கண்தான் இன்னும் வெளிச்சத்துக்கு மசியவில்லை, அது சுருங்கினால்தான் எனக்கு நிம்மதி என்று டாக்டரம்மா போகிற போக்கில் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் எழுந்து நின்றேன்.

மத்தியானம் முதலாளி வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார், கொடுக்கத் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"வேலைய விட்டுருதேன் முதலாளி."

"அத அப்புறம் பாப்போம். மொதல்ல வந்து அந்த அலமாரியப் பாரு. வந்த சரக்கு எல்லாத்துக்கும் மாதிரி சீசாவுல இருக்குல்லா? எல்லாத்தையும் அறுத்துப் பாக்கணும். எனக்குப் பயமா இருக்கும்மா."

எனக்கும்தான். அந்த அலமாரி முழுக்க நான் தலையாட்டியதுதான் இருக்கிறது. நல்ல மூக்கோடு ஆட்டியது. நேற்றிலிருந்து ஒன்றையே போட்டு உழப்பிக்கொண்டிருக்கிறேன். எனக்கு மூக்கு இருந்திருந்தாலும் அந்த ஓமத்துக்குத் தலையை ஆட்டியிருப்பேன். முதல் தரம் என்று சொல்லியிருப்பேன். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பாப்பாவுக்குக் கொடுத்திருப்பேன். அறுத்துப் பார்த்திருக்க மட்டும் மாட்டேன். இதை நினைத்தால் ஆறுதலாக இல்லை, கிடுகிடு என்று வருகிறது.

ஆனால் மறைத்தது மறைத்ததுதான். அதை வைத்து இதைக் கழிக்க முடியாது.

ஜூலை 18, வியாழன்

விடிந்து நல்ல வெளிச்சம் வந்த நேரம். சாரல் விட்டிருந்தது. வராந்தாவில் இவர் வாங்கிக் கொடுத்த காப்பியை வெந்நீராகக் குடித்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்துகொண்டு காந்தி நின்றாள்.

"அக்கா, உள்ள வா."

கட்டில் பக்கத்தில் மாமியார் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். காந்தி பாப்பாவை எடுத்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீட்டவா வேண்டாமா என்று கை பாதியில் நின்றது.

"பிடிக்கா."

"வேண்டாம்ட்டி."

"பிடிங்கேன்லா. எனக்குக் கிட்டத்துல இன்னும் மங்கலாத்தான் தெரியுது. கண்ணு சுருங்குதா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியல. அத்தைக்கோ புரை. நீதான் சின்னச் சின்னதெல்லாம் பாக்குதவ. பாத்துச் சொல்லு."

பாப்பா என் மடிக்கு வந்தாள். கனம் குறைந்திருந்தாள். உதட்டில் வெடிப்பு ஆறியிருந்தது, ஓரத்தில் எச்சில் மினுங்கியது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். என் நிழலில் பாப்பாவின் கண் முழுசும் கறுப்பாக இருந்தது. மனசுக்குள் எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன். பிறகு மெதுவாக வெளிச்சத்துப் பக்கம் திரும்பினேன்.

முதலில் ஒன்றும் இல்லை.

அப்புறம் அசைந்தது. கறுப்பின் ஓரத்தில் சுற்றிலும் ஒரு பழுப்பு வளையம், நூல் கனத்துக்கு. அந்த நூல் அகன்றது. இன்னும் அகன்றது. அதற்குள்ளே மெல்லிய கோடுகள், நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒன்றைப் போல ஒன்று இல்லாமல், எண்ணவே முடியாது. யாரும் இழுக்காமல், யாரும் சொல்லிக் கொடுக்காமல், அத்தனையும் சேர்ந்து அந்தக் கறுப்பை உள்ளே சுருக்கின. கடைசியில் நடுவில் ஒரு கொத்தமல்லி அளவுக்கு நின்றது. நான் கண்ணாடிக்கு அடியில் என்னென்னவோ பார்த்துவிட்டேன், இதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை.

"சொல்லேன்க்கா" என்றாள் காந்தி.

"ஜன்னலச் சாத்தித் தெற" என்றேன்.

சாத்தினாள். கறுப்பு விரிந்தது. திறந்தாள். சுருங்கியது.

"இன்னொரு தடவை."

மாமியார் எழுந்து தானே போய் ஜன்னலைச் சாத்தினார், தானே திறந்தார். சுருங்கியது.

"சுருங்குதுட்டி. நல்லாச் சுருங்குது" என்றேன். காந்தி கட்டிலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். வெளிச்சம் கூசியதோ என்னவோ, பாப்பா முகத்தைக் கோணி, கையைக் காலை உதைத்து, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி வீறிட்டாள். அந்த உதையிலேயே என் மடி நனைந்தது. சேலை, பாவாடை எல்லாம் தாண்டித் தொடையில் சூடாக இறங்கியது.

"இங்க குடு, ஒஞ்சேல பாழாப் போச்சே" என்று மாமியார் கையை நீட்டினார்.

"இருக்கட்டும் அத்தை" என்றேன். அவரும் கையை எடுத்துக்கொண்டார்.

ஈரம் தெரிந்தது. சூடு தெரிந்தது. வாடை தெரியவில்லை. மத்தியானம் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். வீட்டுக்கு வந்தும் நான் சேலையை மாற்றவில்லை.